தொடக் கூடாத கடல்

போன வெள்ளிக்கிழமை திருவள்ளூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் பை, பையில் கத்தரிக்காய், மனசில் ஒன்றுமில்லை. ஒரு அம்மாள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

“நீங்கதானே வாராவாரம் எழுதறவங்க?”

ஆமாம் என்றேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் வழக்கமாக இரண்டில் ஒன்றுதான் வரும் — ஒன்று பாராட்டு, இல்லையென்றால் பெண்ணின் ஜாதகம். இது மூன்றாவது ரகம்.

“கடலோரத்து ஃப்ளாட்டுல இருந்தீங்களாமே? எங்க மாப்பிள்ளை அந்த மாதிரி ஒண்ணு புக் பண்ணலாம்கறார். ஜன்னலைத் திறந்தா கடல்னு விளம்பரம் போட்டிருக்கான். எப்படி இருந்தது? சொர்க்கம்தானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அவள் ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம் ஓடினேன். வேப்பம்பட்டு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தேன். ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று உறுத்தியது. ஆகையால் இந்த வாரப் பக்கம் அந்த அம்மாளுக்கு. மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்த ஃப்ளாட்டில் பத்து மாதம் இருந்தோம். கடலுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவில் எழுபது எண்பது அடி மணல், அவ்வளவுதான். அந்தப் பத்து மாதத்தில், கடைசி நாள் வரைக்கும், என் கால் கட்டைவிரல்கூடக் கடலில் நனையவில்லை.

நம்ப முடியவில்லை இல்லையா? எனக்கே அப்படித்தான் இருந்தது.

நான் பிறந்தது கடம்பத்தூர். அங்கே வயல் உண்டு, ரயில் உண்டு. வாழ்க்கைப்பட்டது திருவள்ளூர். அங்கே கோயில் உண்டு, குளம் உண்டு. கடலை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன் — இரண்டு தடவையும் மெரினாவில், கல்யாணச் சாமான் வாங்கப் போன இடத்தில், “நாழியாச்சு, வா வா” என்ற சத்தத்துக்கு நடுவில். தண்ணீர் வரைக்கும் போனதில்லை. அலை வந்து காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போகுமாமே, அது எப்படி இருக்கும் என்று பிறரைத்தான் கேட்டிருக்கிறேன். நாற்பது வயதில் இப்படி ஒரு ஆசை இருந்தால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்காதா?

இந்தச் சமயத்தில்தான் இவருக்கு — என் வீட்டுக்காரருக்கு — கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை மாற்றலாகி வந்தது. குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம், அது முடிகிறவரை கடலோரத்தில் ஃப்ளாட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பம். அங்கே யாரோ ஒரு மெட்ராஸ்காரர், பணக்காரர்கள் சனி ஞாயிறு காற்று வாங்க வருவார்கள் என்று நம்பி மூன்று மாடியில் ஆறு வீடு கட்டிவைத்திருந்தார். காற்று வந்தது. பணக்காரர்கள் வரவில்லை. ஏனென்றால் ரோடு கால்வாயோடு நின்றுவிடும்; அதற்கப்புறம் படகு. காரைப் படகில் ஏற்ற முடியாதே.

பையன் மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்தான். ஆக நான், இவர், என் மாமியார் — மூன்று பேர், சித்திரையில் குடிபோனோம். முதல் மாடி. கடல் பார்த்த பால்கனி.

போன அன்று சாயங்காலமே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கினேன். பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது.

“கோமளா.”

“என்னம்மா?”

“இன்னிக்கு என்ன திதி?”

யோசித்தேன். “சப்தமி.”

“அப்ப இந்தப் பக்கம் வா.”

அவ்வளவுதான். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரச மரத்தைச் சனிக்கிழமை மட்டும்தான் தொடலாம். கடலை அமாவாசை, பௌர்ணமி மாதிரி பர்வ நாட்களில் மட்டும்தான் தொடலாம். மற்ற நாளில் தூர நின்று சேவித்துக்கொள்ளலாம், தொடக் கூடாது. இது சாஸ்திரமா, இல்லை மாமியாருக்கு அவருடைய மாமியார் சொன்னதா என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

திருட்டுத்தனமாக ஒரு நடை போய்விட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட புடவை ஓரம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட… ஒருத்தர் முழு மனசோடு நம்புகிற விஷயத்தை முதுகுக்குப் பின்னால் மீற எனக்கு மனசு வரவில்லை. அமாவாசை என்ன, எட்டு நாளில் வரப்போகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இருந்துவிட்டேன்.

பூமி ஆள்வது இருக்கட்டும். அமாவாசை அன்று என்ன ஆயிற்று தெரியுமா?

அதற்கு முந்தின வாரம் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ‘க்ஷேமம். அமாவாசைக்கு சமுத்திர ஸ்நானத்துக்கு வருகிறோம். எட்டுப் பேர்.’ எழுதியது வரதன் சித்தப்பா. இவருடைய சித்தப்பா. திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். எட்டுப் பேர் என்று எழுதினார். படகிலிருந்து இறங்கும்போது எண்ணினேன், பதினாலு.

காலையில் வந்தார்கள். நேரே கடலுக்குப் போனார்கள். ஆண்களுக்குத் தர்ப்பணம். அது முடிந்து வருவதற்குள் தளிகை, அதாவது சமையல், ஆகியிருக்க வேண்டும். தளிகை செய்கிறவள் குளித்து, யார் மேலும் படாமல், மடியாக இருக்க வேண்டும். மடியாக இருக்கிறவள் வெளியே போகக் கூடாது. அவர்கள் சாப்பிட்டு எழுந்து, அடுத்த பந்தி போட்டு, நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது மணி மூன்றரை. சாப்பிட்டுவிட்டு ஸ்நானம் செய்யக் கூடாது. அதற்குள் காபி கேட்டார்கள். காபிக்கப்புறம் சூரியன் இறங்கிவிட்டது. அஸ்தமனத்துக்கப்புறமும் கூடாது.

“கடல் என்னமா இருக்கு. நீ கொடுத்து வச்சவ கோமளா” என்றாள் சித்தி, தலையைத் துவட்டிக்கொண்டே.

இப்படி ஒரு அமாவாசை என்றால் பரவாயில்லை. எல்லா அமாவாசையும் இதே கதை. ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர்க்காரர்களால் வர முடியாது, அங்கேயே கோயில் குளத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். அன்றைக்குப் பார்த்து இவருடைய மேனேஜர் குடும்பம் வந்தது. பௌர்ணமிக்கு ஃபாக்டரி நண்பர்கள் வந்தார்கள். அம்மா, உங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஜன்னலைத் திறந்தால் கடல், சரி. அடுப்புக்கு முன்னால் யார்?

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்கிறார்கள். வீட்டுக்கு நல்லதில்லை. அப்பளம் பொரித்து இலைக்கு வருவதற்குள் வெற்றிலை மாதிரி தொங்கும். உப்பு ஜாடியைச் சாய்த்தால் உப்பு கொட்டாது, ஊற்றும். நெருப்புக் குச்சி நமுத்துப்போகும் என்று மாமியார் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்கினார். ஃபேன் ஆடி மாதம் நின்றது. வாசல் பூட்டு ஐப்பசியில் சாவியோடு இறுகியது. எங்களைப் போல அங்கே குடிவந்திருந்த இரண்டு குடும்பங்கள் கார்த்திகை மழையைப் பார்த்ததும் மூட்டை கட்டிவிட்டார்கள். ஆறு வீட்டில் நாங்கள் மட்டும் மிச்சம்.

கட்டடத்துக் கிணற்றில் தண்ணீர் உவர்ப்பு. குளிக்கலாம், குடிக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் குப்பத்து ஊற்றிலிருந்து வர வேண்டும். கொண்டுவந்தவள் தேசம்மா.

தேசம்மா குப்பத்துக்காரி. முதல் நாள் கூடையோடு வந்து கதவைத் தட்டினாள். “இன்னாமா, மீனு வோணாவா? வஞ்சிரம் கீது.” உள்ளேயிருந்து மாமியார் “பெருமாளே” என்றார். தேசம்மா எட்டிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள். “அய்ரு ஊடா? சொல்லக் கூடாதா நீ. இரு, கூடைய அப்டி வெச்சிட்டு வரேன்” என்று போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “தண்ணிக்கு இன்னா பண்ணப் போறே?” என்று கேட்டாள். நான் அதை யோசித்தே இருக்கவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் தன் வீட்டுக் குடத்தில் நான்கு நடை கொண்டுவந்து எங்கள் அண்டாவில் ஊற்றுவாள். மாமியார் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று இரண்டாவது வாரம் அவரே மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஊர் பார்க்க வருகிறவர்களும் உண்டு. கடலோரம் என்றால் சுற்றிக் காட்ட இடம் வேண்டாமா? புரட்டாசியில் ஒரு நவமி அன்று, வரதன் சித்தப்பா குடும்பம் மறுபடியும் அதே பதினாலு பேராக வந்தது. ஸ்நானத்துக்கு இல்லை, பழவேற்காடு பார்க்க. தேசம்மாவின் புருஷன் படகோட்டினான். புளியோதரைத் தூக்கோடு நானும் போனேன்.

ஏரியில் தூரத்தில் பூநாரைக் கூட்டம் நின்றது. “கொக்குக்கு யாரோ குங்குமம் தடவின மாதிரி இருக்கு” என்றாள் சித்தி. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஊருக்குள் நடக்கும்போது சித்தப்பா ஒரு பழைய மதிலைப் பார்த்துவிட்டார். உள்ளே உயரமாகக் கல் தூண்கள், குவிந்த கூரையோடு சின்னச் சின்ன மண்டபங்கள். தரையெல்லாம் எழுத்து வெட்டிய கற்பலகை. சித்தப்பா மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. குனிந்து தடவிப் பார்த்தார்.

“கிரந்தம் மாதிரின்னா இருக்கு. பழைய சந்நிதி. மூர்த்தி இல்லாட்டாலும் இடத்துக்கு ஒரு மகிமை உண்டு. எல்லாரும் வாங்கோ.”

கையைக் கூப்பிக்கொண்டு நடு மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். பதினாலு பேரும் சுற்றினார்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு நானும் சுற்றினேன்.

வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த தேசம்மாவின் புருஷன் எங்களைப் பார்த்து எழுந்து நின்றான். மரியாதையாகக் கேட்டான்.

“இன்னா சாமி, உங்காளுங்க யார்னா உள்ள பொதைச்சிருக்காங்களா?”

அது டச்சுக்காரர்களின் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தோம். உள்ளே போகும்போது சித்தப்பாவின் முதுகு மறைத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். மீதிக் கதை என் தலையில் விடிந்தது. மயானத்துக்குப் போனால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. பதினாலும் ஒன்றும் பதினைந்து பேர் கட்டடத்து வாசலில் வரிசையாக நின்றோம். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் நவமி… கடலைத் தொடக் கூடாது. அப்படியானால் ஏரித் தண்ணீரில், கால்வாயில் ஒரு முழுக்குப் போடலாமா என்று வீட்டிலிருந்து இறங்கி வந்த இவர் கேட்டார். சித்தப்பா கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “கடலோட கலந்த ஜலம் கடல்தான்.”

ஆகக் கிணறு. எங்கள் கட்டடத்துக் கிணற்றுக்கு ஒரே வாளி, எங்களுடையது. ஒவ்வொருத்தருக்கும் தலைக்கு நாலு வாளி. ஆறாவது ஆளோடு என் தோள்பட்டை கழன்றுவிட்டது. எங்கிருந்தோ வந்த தேசம்மா என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

“நீ அப்டி குந்துமா. நான் எறைக்கிறேன். இன்னா பேஜாரு இது, இம்மாம் பெரிய கடல வெச்சிகினு கெணத்துல சாவறீங்க.”

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் இறைத்துக்கொண்டே கேட்டாள்.

“நீ தெனம் மேலேந்து பாக்கறியே, ஒரு வாட்டியாவது எறங்குனியா?”

“இல்லை.”

“நீ வந்து எத்தினி மாசமாவுது?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஆறாவது மாசம். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. தோள் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன். தோள் வலியும்தான்.

அவள் சொன்னது சரி. நான் கடலை மேலிருந்துதான் பார்த்தேன். அதுவும் தினம் இல்லை. பார்க்க நேரம் ஏது? அந்த ஃப்ளாட்டின் விசேஷமே கடல் பார்த்த பால்கனி என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நான் மாதத்தில் மூன்று நாள்தான் அனுபவித்தேன். எந்த மூன்று நாள் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனி அறை இல்லாத வீடு. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு, பால்கனி. வீட்டு வேலை கிடையாது. மாமியார் தூரத்திலிருந்து சாதத்தைப் போட்டுவிட்டுப் போவார். நான் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அலையை எண்ணுவேன். உலகம் அதைத் தீட்டு என்றது. எனக்கு அது லீவு.

மார்கழிக் கடைசியில் குவார்ட்டர்ஸ் தயார் என்று செய்தி வந்தது. தை முடிவதற்குள் வளர்பிறையில் பால் காய்ச்ச வேண்டும் என்று மாமியார் நாள் பார்த்தார். தை அமாவாசை கழிந்து துவிதியை.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தை அமாவாசை. திருவள்ளூரில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. குளத்தில் முழுகி, வேண்டுதலுக்காக வெல்லமும் மிளகும் போட எங்கெங்கிருந்தோ வருவார்கள். சித்தப்பா வகையறா ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மேனேஜருக்கும் நாங்கள் காலி செய்யப்போவது தெரியும். இன்னொன்று — மாமியார் நாற்பது வருஷமாக ஒரு தை அமாவாசையைக்கூடத் திருவள்ளூர்க் குளத்தில் தவறவிட்டதில்லை. முதல் நாள் சதுர்த்தசி அன்றே தன் பிள்ளையை, அதாவது இவரை, அழைத்துக்கொண்டு கிளம்புவதாக இருந்தார்.

அப்படியென்றால் அன்று கடல், நான், அனுமதிக்கப்பட்ட திதி. நடுவில் ஒருவரும் இல்லை.

இரண்டு வாரம் நான் நடந்த நடையே வேறு. தேசம்மாவிடம் மட்டும் சொன்னேன். “கண்டிப்பா எறங்குமா. நான் கரைல குந்திக்கினு பாத்துக்கிறேன்” என்றாள்.

சதுர்த்தசி அன்று விடியற்காலை எழுந்தேன். எழுந்ததும் தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. நான் என்ன சொல்ல? பாயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். மாமியார் கையில் மூட்டையோடு ஊருக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார்.

“நீங்க போயிட்டு வாங்கோம்மா. நான் எதையாவது பொங்கித் தின்னுக்கறேன்.”

“காலியான கட்டடத்துல உன்னை இப்படித் தனியா விட்டுட்டுப் போனா, ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும்” என்றார். மூட்டையைப் பிரித்து மடித்த புடவையை மறுபடியும் கொடியில் போட்டார். நாற்பது வருஷ வழக்கம் என்னால் அறுந்தது. அந்தச் சங்கடத்தில் என் ஆசை எனக்கே மறந்துபோயிற்று.

மறுநாள் அமாவாசை. மாமியாரும் இவரும் மட்டும் கடலுக்குப் போனார்கள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லை, சித்தப்பா இல்லை, “நாழியாச்சு” இல்லை. இவர் முழுகிவிட்டுக் கரையேறினார். மாமியார் ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். இவர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் கையை மட்டும் காட்டினார், இரு என்று.

ஈரப் புடவையோடு வந்தவர் நேரே உள்ளே போகவில்லை. பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம், எட்டவே நின்றார்.

“அலை திரும்பிப் போறச்சே காலுக்கடியில மண்ணைப் பறிச்சுண்டு போறதுடி. எங்க விழுந்துடுவேனோன்னு பயமா இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இத்தனை அமாவாசையும் கண்ணை மூடிண்டு மூணு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். இதெல்லாம் தெரியவே இல்லை. உனக்கு இது பழகியிருக்கும்.”

“நான் இறங்கினதில்லையேம்மா.”

“இறங்கினதில்லையா? ஒரு அமாவாசைக்கும்?”

“இல்லை.”

“ஏன்?”

நான் அவரைப் பார்த்தேன். சண்டை போடுகிற தெம்பெல்லாம் எனக்கு இல்லை. இருக்கிறதைச் சொன்னேன்.

“அடுப்புல யார் இருந்தாம்மா?”

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அன்று சாதம் போடும்போது வழக்கத்தைவிட நெய் அதிகமாக இருந்தது.

அடுத்த நாள் பிரதமை. அதற்கடுத்த நாள் துவிதியை, எனக்கு நாலாம் நாள், காலி செய்கிற நாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் லாரி வந்து நின்றது. சாமான்கள் படகில் போக வேண்டும். நான் விடியற்காலையிலேயே கிணற்றடிக்குக் கிளம்பினேன், தலைக்குக் குளித்துவிட்டு நாலு வேலை பார்க்கலாம் என்று. மாமியார் தடுத்தார்.

“ஆள்காரா மேலயும் கீழயுமா நடமாடிண்டிருக்கா. அவா போகட்டும், அப்பறம் நிதானமாக் குளி.”

சரி என்று பால்கனியிலேயே உட்கார்ந்தேன். உள்ளே அவர் குரல் கணீரென்று கேட்டது. அண்டா, குடம், தவலை, சொம்பு, எல்லாம் முதல் படகு. ‘கட்டில், பீரோதானே முதல்ல போகணும்?’ என்று இவர் கேட்டார். “சொன்னதைச் செய்டா” என்றார் மாமியார். “கிணத்து வாளியும் கயிறும் மறந்துடாதே. அதையும் போடு.” இவரையும் லாரிக்குக் காவல் என்று அந்தப் படகிலேயே அனுப்பிவிட்டார்.

படகு போன பிறகு நான் கீழே இறங்கி வந்தேன். கிணறு இருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க ஒன்றும் இல்லை.

விடைபெற வந்த தேசம்மா நிலைமையைப் பார்த்தாள். “அய்ய, வாளிய அனுப்ட்டீங்களா? எங்கூட்டுக் கொடம் கீது, ஓடி எட்தாந்துரட்டா?”

பத்து மாதமும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். மாமியார் அவளைப் பார்த்து, “வேண்டாம் தேசம்மா, இருக்கட்டும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாலாம் நாள் குளிக்காம வண்டியில ஏற முடியாது. பெருமாள் பெட்டி வரது. வேற ஜலம் இல்லை. போ, போய் முழுகிட்டு வா.”

“அம்மா… இன்னிக்குத் துவிதியை.”

“எனக்குத் தெரியாதா? போ. அவசரமில்லை.”

எங்கள் வீட்டில் அவசரமில்லை என்ற வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

போனேன். முதல் அலை கணுக்காலைத் தொட்டது. இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அலை திரும்பியபோது காலடி மண் கரைந்தது. அவர் சொன்னது சரி, பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இரண்டாவது அலை என்னை உட்காரவைத்துவிட்டது. மூக்கெல்லாம் உப்பு. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து மாதத்துக் களைப்பெல்லாம் போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், போகவில்லை. ஆனால் களைப்போடு உட்கார ஒரு இடம் கிடைத்தது. அழுதேனா என்று கேட்காதீர்கள். உப்புத் தண்ணீரில் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

கரையில் மாமியார் மாற்றுப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தேசம்மா குந்தியிருந்தாள். படகு திரும்பி வந்து, அவள் புருஷன் கட்டடத்துப் பக்கமிருந்து குரல் கொடுத்தான். “இருப்பா, வரா” என்றார் மாமியார். இன்னும் ஒரு தடவை குரல் வந்தது. “வராங்கறேனே” என்று இந்தத் தடவை அதட்டினார்.

எங்கள் குடும்பங்களில் சாஸ்திரத்தை யாரும் மீறுவதில்லை. வாளியை முதல் படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் கும்மிடிப்பூண்டி குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். பால் காய்ச்சினோம். கை, கழுத்து, காது மடல் எல்லாம் எனக்கு உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. மாமியார் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“நல்ல ஜலம் கொட்டறது கோமளா. ஒரு வாளி விட்டுக்கோ, உப்பெல்லாம் போயிடும்.”

“நாளைக்கு விட்டுக்கறேம்மா” என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து, நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்ட முதல் வேலை அதுதான்.